தோம்பில் ஏறிய சமயம்

யாழ்ப்பாண வரலாற்றுத் தொடர் – பகுதி 14

ஆரியச் சக்கரவர்த்திகளின் வருவாயைச் சென்ற பகுதியில் பார்த்தோம்: முத்து, யானை, துறைமுகச் சுங்கம். அந்த முத்து கிடைத்த மன்னார்க் கரையில்தான் 1544 ஆம் ஆண்டின் இறுதியில் நல்லூர் அரசின் வாள் இறங்கியது. மன்னார்த் தீவின் கரையோரக் குடிகள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அரசன் சங்கிலி, ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், சேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் எதிர்க்கரையிலிருந்து அனுப்பிய குரு ஒருவர்.

கத்தோலிக்கர் எழுதிய வரலாறுகளில் சங்கிலி கொடுங்கோலன். சைவர் எழுதியவற்றில் சமயம் காத்த வீரன். இரண்டு பக்கமும் அவனுடைய பக்தியையே அளந்துகொண்டிருக்கின்றன. கணக்குப்பிள்ளையின் ஏட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. மன்னாருக்கு எதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1536, 1537 ஆம் ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து பறங்கியரின், அதாவது போர்த்துக்கேயரின், கப்பல்கள் காக்கும் என்பது அன்றைய உடன்பாடு. அன்றிலிருந்து அவர்கள் போர்த்துக்கல் மன்னனின் குடிகள் என்றே எண்ணப்பட்டார்கள். அவர்களுடைய வரியும் கடலும் அந்தப் பக்கம் சாய்ந்தன. அதே காரியம் மன்னாரிலும் நடந்தால் முத்துக்கடலின் பாதி போய்விடும் என்பது நல்லூரில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் சங்கிலிக்கு வக்காலத்து வாங்கவில்லை. கொல்லப்பட்டவர்கள் ஆயுதம் எடுத்தவர்கள் அல்லர். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு குடி சமயம் மாறுவதென்றால் அரசன் மாறுவதென்று பொருள்; அவன் அப்படித்தான் கண்டான்.

அவன் மட்டுமா? கீவ் நகரத்து விளாதிமிர் 988 இல் வேதத்தில் சேர்ந்தபோது நகரத்தார் அனைவரும் நீப்பர் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. இறங்காதவன் அரசனின் பகைவன். ஜெர்மன் நாடுகளில் கத்தோலிக்கரும் லூத்தரின் வழியினரும் போரிட்டு ஓய்ந்து, 1555 இல் அவுக்ஸ்பூர்க் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் சாரம், நாடு எவனுடையதோ அவனுடைய சமயமே அந்த நாட்டுச் சமயம் என்பது. பிடிக்காதவன் சொத்தை விற்றுக்கொண்டு வேறு நாடு போகலாம். மன்னார்க் கொலைக்குப் பதினோரு ஆண்டு கழித்து, ஐரோப்பாவின் படித்த சட்ட வல்லுநர்கள் எழுதிவைத்த விதி இது.

சவேரியாருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. நவார் என்ற சிறிய அரசின் பிரபு குடும்பத்துப் பிள்ளை அவர். அவருடைய பத்து வயதில், 1516 இல், காஸ்திலியர் வந்து அவர்களுடைய கோட்டையின் மதில்களை இடித்துப் போட்டார்கள். நாடு பிடிப்பவன் என்ன செய்வான் என்பதை வீட்டு முற்றத்திலேயே பார்த்து வளர்ந்தவர். மன்னார்ச் செய்தி கிடைத்ததும் சங்கிலியைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி கோவாவில் இருந்த பறங்கி அரசை வற்புறுத்தினார். யாழ்ப்பாண அரசுரிமை கோரிய உறவினன் ஒருவன் பறங்கியரிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். முடி கிடைத்தால் வேதத்தில் சேர்வேன் என்பது அவன் வாக்கு. அரசன் சேர்ந்தால் குடிகள் தாமாகச் சேர்வார்கள் என்று சவேரியார் நம்பினார். 1545 இல் நாகபட்டினத்தில் காத்திருந்தார். படை புறப்படவில்லை. பெகுவிலிருந்து சரக்கோடு வந்த பறங்கிக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியிருந்தது. சரக்கு சங்கிலியின் கையில். அதை மீட்கும் பேச்சு நடக்கையில் படையெடுப்பதாவது! மன்னார்த் தியாகிகளின் வழக்கு அந்தச் சரக்கு மூட்டைகளுக்கு அடியில் அமுங்கிப் போயிற்று.

மனம் கசந்த சவேரியார் மலாக்காவுக்குப் போனார். 1549 ஆகஸ்ட் 15 ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாவில் கால்வைத்தார். அங்கே சக்கரவர்த்தி பெயருக்கு இருந்தார்; நாடு தைமியோ எனப்பட்ட பெரும் பிரபுக்களின் கையில் துண்டு துண்டாகக் கிடந்தது. முதலில் வரவேற்ற ஷிமாசு தக்காஹிசா, பறங்கிக் கப்பல் தன் துறைக்கு வராமல் ஹிராதோவுக்குப் போனதும் முகம் சுளித்து, வேதத்தில் சேர்வதைத் தடைசெய்தான். இங்கும் கப்பல்தான். ஒமுரா சுமித்தாதா என்ற மற்றொரு பிரபு 1563 இல் திருமுழுக்குப் பெற்றான். 1574 இல் தன் நிலத்துக் குடிகள் எல்லோரும் சேர வேண்டும் என்றாக்கினான், புத்த விகாரைகளை இடித்தான், 1580 இல் நாகசாகித் துறையையே சேசு சபையாருக்கு எழுதிக்கொடுத்தான். ஏழு ஆண்டுகளில், ஜப்பானைத் தன் கையில் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்த ஹிதேயோஷி அதைப் பறித்து, குருமாரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னான். மன்னாரில் சங்கிலி எதற்குப் பயந்தானோ, அதற்கே ஹிதேயோஷியும் பயந்தான்.

இனி, இப்படிச் சமயம் மேலேயிருந்து கீழே இறங்கிய இந்த நாடுகளில் கீழே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்கள் ஐரோப்பாவையும் ஜப்பானையும் நிலமானிய முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும். அரசன் நிலம் கொடுப்பான். வாங்கியவன் குதிரையும் வாளுமாகப் படைக்கு வருவான். நிலத்தில் உழுபவன் இருவருக்கும் சேர்த்து உழைப்பான். ஜப்பானில் நிலத்தை நெல் விளைச்சலால் அளந்து, இத்தனை கொக்கு அரிசிக்கு இன்ன வீரன் என்று கட்டினார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படிக் குதிரை வீரனுக்கு மானியம் கொடுக்க நெல் ஏது? சுண்ணக்கல் தரை, கிணற்று நீர், பனை. நெல்லைக் கப்பலில் எதிர்பார்த்த நாடு இது. பரப்பு, லாச்சம் என்று துண்டு துண்டாக அளக்கும் காணிகளில் மதில் கட்டிய பிரபு எவனும் எழவில்லை. ஆனையிறவுக்குத் தெற்கே, வன்னியில், நிலைமை வேறு. பனங்காமம், முள்ளியவளை போன்ற பற்றுகளின் வன்னியர்கள் காட்டையும் குளத்தையும் தாங்களே ஆண்டுகொண்டு, நல்லூருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினார்கள். ஐரோப்பியக் குறுநிலப் பிரபுவுக்கு நெருங்கிய உறவினர் நம்மிடத்தில் இவர்கள்தான்.

குடாநாட்டுக்குள் அதிகாரம் வேறு விதமாகக் கட்டப்பட்டிருந்தது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பிரிவுகளுக்கு அரசனின் அதிகாரிகள் உண்டு. ஊருக்குள் ஆட்சி செய்தது வேளாளக் கமக்காரக் குடும்பம். அதைச் சுற்றிக் குடிமைகள்: அம்பட்டர், வண்ணார், தச்சர், கொல்லர், பறையர். இவர்கள் கூலிக்காரர் அல்லர். இன்ன குடும்பத்துக்கு இன்ன குடிமகன் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கட்டு. சூடடித்த களத்தில் அவனுக்கு நெல் உண்டு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவனுக்கென்று வரிசை உண்டு, வேலையும் உண்டு. வண்ணார் வந்து வெள்ளை கட்டாமல் பந்தல் நிறையாது, பறை முழங்காமல் பாடை கிளம்பாது. குடிமைக்குக் கீழே அடிமை. ஐரோப்பாவின் பண்ணையாள் பெரும்பாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டவன். நிலம் கைமாறினால் அவனும் கூடப் போவான். யாழ்ப்பாணத்து அடிமை, வீட்டோடு பிணைக்கப்பட்டவன். மகளுக்குச் சீதனம் எழுதும்போது காணி, நகை என்ற வரிசையில் அவனும் வருவான்.

இந்த அமைப்பு எப்போது வந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் கதை, ஆரியச் சக்கரவர்த்தி தமிழகத்திலிருந்து குடித்தலைவர்களை வரவழைத்து ஊர் ஊராக இருத்தினான் என்பது. திருநெல்வேலியில் பாண்டி மழவன், மயிலிட்டியில் நரசிங்க தேவன், இணுவிலில் பேராயிரவன், இருபாலையில் மண்ணாடுகொண்ட முதலி, நெடுந்தீவில் தனிநாயகன் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரும் தத்தம் குடிமக்களோடும் அடிமைகளோடும் வந்தார்களாம். இதைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையை மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 இல், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதன்பேரில் எழுதினார். அப்போது காணித் தோம்புகள் என்ற நிலப்பதிவேடுகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் முப்பாட்டனை அரசனே இந்த ஊரில் இருத்தினான் என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை வாசிப்பது நல்லது.

அரசியல் நிகழ்வுகளை விரைவாகக் கடந்துவிடுவோம். அவற்றில் பலவற்றை முன் பகுதிகளில் விரிவாக எழுதியாயிற்று. 1560 இல் பறங்கியரின் பதிலரசர் கொன்ஸ்தன்தீனோ த பிரகன்சா நல்லூரைச் சூறையாடினார். குடாநாட்டில் நிலைக்க முடியாமல் பின்வாங்கினாலும் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். 1591 இல் பூர்த்தாதோ த மென்டோன்சா வந்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றினார். 1619 இல் பிலிப்பே த ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்தார். அவன் கோவாவில் கொல்லப்பட்டான். அரச குடும்பத்தவர் திருமுழுக்குப் பெற்றார்கள். எதிர்மன்னசிங்கனின் சிறு மகன் பிரான்சிஸ்கன் மடத்தில் சேர்க்கப்பட்டான். வாரிசு இனி உண்டாகாமல் இருக்க இதைவிடச் சாதுவான வழி கிடையாது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாயிற்று.

மன்னாரில் கரையோரக் குடிகளிடம் தொடங்கிய வேதம், இப்போது அதிகாரத்தின் வேதமாகி மேலேயிருந்து இறங்கியது. முதலிமார் முதலில் சேர்ந்தார்கள். பெயருக்கு முன்னால் ‘தொன்’ வந்தது. அவர்கள் சேர்ந்தால் அவர்களுடைய குடிமைகளும் அடிமைகளும் பின்னால். ஊருக்கு ஊர் வேதக் கோயில் எழுந்தது. கோயிலுக்குள் யார் எங்கே நிற்பது, கிணற்றில் யார் அள்ளுவது என்பதில் கைவைக்கப் பறங்கியர் அவசரப்படவில்லை. அந்தக் கட்டு இருந்தால்தான் வரி வரும், யானை வரும், சுமை தூக்க ஆள் வரும்.

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இங்கேதான் இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி ஒரே நேரத்தில் ஜப்பானிலும் யாழ்ப்பாணத்திலும் கடை விரித்திருந்தது. ஜப்பானில் வேதக்காரருக்கு 1614 முதல் நாடளாவிய தடை. 1637 இல் ஷிமபாராப் பகுதி உழவர்கள், வரி தாளாமலும் சமய ஒடுக்குமுறை தாளாமலும் கிளர்ந்து ஹரா கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். 1638 இல் அந்தக் கோட்டைமீது கடலிலிருந்து பீரங்கி சுட்டது ஒல்லாந்தக் கப்பல். உள்ளே இருந்தவர்கள், ஒல்லாந்தர் கும்பிடும் அதே யேசுவைக் கும்பிட்டவர்கள். 1640 இல் ஹிராதோவில் கும்பனி கட்டிய புதிய பண்டகசாலையின் நெற்றியில் கிறிஸ்து ஆண்டு பொறித்திருந்தது அரசுக்குப் பிடிக்கவில்லை. கும்பனியின் தலைவர் பிரான்சுவா கரோன் மறுபேச்சின்றி அதை இடித்துத் தள்ளினார். மறு ஆண்டு தேசிமா என்ற சின்னஞ்சிறு தீவுக்குள் அடைபட்டு, சமயச் சின்னம் எதையும் வெளியே காட்டாமல் வாணிகம் செய்ய ஒப்புக்கொண்டார்கள். அதே கரோன்தான் 1644 இல் இலங்கைக்கு வந்து நீர்கொழும்பைப் பறங்கியரிடமிருந்து பிடித்தவர்.

தேசிமாவில் சிலுவையை மறைத்த கும்பனி, யாழ்ப்பாணத்தில் தன் சீர்திருத்த சபையைச் சட்டமாக்கியது. கத்தோலிக்கக் குருவுக்கு இடம்கொடுத்தால் மரண தண்டனை என்று பறையறைந்தது. சைவக் கோயிலுக்கு அனுமதி இல்லை. பறங்கியர் விட்டுப்போன வேதக் கோயில்களில் படங்களையும் சுரூபங்களையும் அகற்றிப் பள்ளிக்கூடமாக்கினார்கள்: தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் என்று வலிகாமத்தில் மட்டும் பதினான்கு. பிலிப்புஸ் பல்தேயுஸ் என்ற போதகர் இவற்றைச் சுற்றிவந்து, தமிழும் கற்று, 1672 இல் அம்ஸ்தர்தாமில் வெளியிட்ட பெருநூலில் கோயில்களின் படங்களையும் சேர்த்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம். பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரின் கையில் தோம்பு இருந்தது. பிறப்பு, திருமுழுக்கு, கலியாணம் எல்லாம் அதில் ஏறும். ஏறாவிட்டால் கலியாணம் கலியாணம் ஆகாது, பிள்ளைக்கு முதுசம் கேட்க வாயில்லை, உத்தியோகமும் கிடையாது. 1663 இல் யாழ்ப்பாணத்தில் 62,000 க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர் என்று கணக்குக் கொடுத்தார்கள். அடிமைகளை அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எண்ணினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே பத்தாண்டுகளில் ஜப்பானில் நடந்தது இதன் மறுபக்கம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த விகாரையில் பெயர் பதிந்து, நாங்கள் வேதக்காரர் அல்லர் என்று பிக்குவிடம் சான்று வாங்க வேண்டும். சில இடங்களில் யேசுவின் அல்லது மரியாளின் உருவத்தைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் ஊர்க் கோயில் பதிவேடு ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. வாளும் மானியமும் ஆண்ட காலம் முடிந்து எழுத்தும் பேரேடும் ஆளத் தொடங்கிய நூற்றாண்டு அது. மூன்று இடத்திலும் அரசு முதலில் எழுத விரும்பியது, நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்பதைத்தான்.

எழுதியதெல்லாம் உண்மையாகிவிடவில்லை. நாகசாகிப் பக்கத்து மீனவரும் உழவரும் விகாரையில் பெயர் பதிந்துவிட்டு, இரவில் தாய்த்தெய்வச் சிலையின் உருவில் மரியாளை வணங்கினார்கள். இங்கே சைவக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சட்டம்பியார் முன் செபம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தன. விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. கத்தோலிக்கரும் மறைந்துதான் வாழ்ந்தார்கள். கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் 1687 இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கினார். 1689 கிறிஸ்மஸ் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் பிடித்தபோது அவர் தப்பினார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இனித் தேசவழமைக்கு வருவோம். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்று நம் வீடுகளில் இன்றும் புழங்கும் சொத்து வழக்கங்களை எழுதித் தரும்படி தேசாதிபதி சைமன்ஸ், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைப் பணித்தார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த ஐசாக்ஸ் 1707 ஜனவரியில் முடித்துக் கொடுத்தார். யான் பீரூஸ் அதைத் தமிழாக்க, பன்னிரண்டு முதலியார்கள் வாசித்து, இதுவே எங்கள் நாட்டு வழமை என்று ஒப்பமிட்டார்கள். ஒப்பமிட்டவர்களில் பலர் ‘தொன்’ பட்டக்காரர். பறங்கியரின் கத்தோலிக்கப் பெயரைத் தாங்கி, சீர்திருத்த சபைக்காரரான ஒல்லாந்தருக்காக, சைவ அரசு காலத்து வழமைக்குச் சாட்சி சொன்னார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்குள் மூன்று சமயம் அரசாண்ட நாட்டில் மூன்றுக்கும் பொதுவாக எஞ்சியது அந்தக் கடதாசியில் இருக்கிறது.

அதில் அடிமைகளைப் பற்றி ஒரு தனிப் பிரிவு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று அடிமைச் சாதிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஒருவனுடைய அடிமை மற்றொருவனுடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிள்ளைகள் பெண்ணுடைய எசமானுக்குச் சேரும். வாய்மொழியாக இருந்தவரை ஊருக்கு ஊர் நெகிழ்ந்தும் இறுகியும் கிடந்திருக்கக்கூடிய ஒரு வழக்கம், எழுத்தில் ஏறியபின் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய உரிமையாயிற்று. 1806 இல் ஆங்கிலேயரும் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் பண்ணையடிமை முறை தேய்ந்து மறைந்து வெகுகாலம் ஆகியிருந்த நேரத்தில், ஐரோப்பியரின் கையெழுத்தில்தான் நம்மூர் அடிமை முறைக்குப் பத்திரம் கிடைத்தது. பழியை முழுதாக அவர்கள் தலையில் போட முடியாது. ஒப்பமிட்ட பன்னிரண்டு பேரும் நம்மவர்.

ஒல்லாந்தரின் பிடி தளர்ந்துகொண்டே போனது. 1734 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் குருக்கள் வளவில் மீண்டும் கட்டியெழுப்பியவர், ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக (காசாளராக) இருந்த இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய முழுப்பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் தோம்பில் இருந்த பல்லாயிரம் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகளில் காணாமற்போனார்கள். ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கோயில் கட்டடங்களைத் திருத்தி, வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தோம்பின் உதவி இல்லாத சில்லாலைக் கத்தோலிக்கர் அப்படியே நிலைத்திருந்தார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவுரா கோயிலுக்கு உராகமி ஊரவர் சிலர் வந்து பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்று என்று சொன்னபோது, அவர்கள் குருவையே காணாமல் ஏழு தலைமுறை கழிந்திருந்தது.

அடிமை முறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. தேசவழமையின் மற்றப் பகுதிகள், பின்வந்த திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் உள்ளன. குடிமை எந்தச் சட்டத்திலும் ஒழிக்கப்படவில்லை. அது எந்தக் காலத்திலும் முழுதாகச் சட்டத்தில் ஏறவும் இல்லை. வெள்ளை கட்டுவதும் பறை முழக்குவதும் யாருடைய வேலை என்பது இருபதாம் நூற்றாண்டிலும் ஊருக்குத் தெரிந்தே இருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்தவர்கள் பறங்கியரும் அல்லர், ஒல்லாந்தரும் அல்லர்.

குடாநாட்டு முதலிமார் தோம்புக்குப் பணிந்த அதே காலத்தில், ஆண்டுதோறும் யானை கட்ட வேண்டிய வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு எப்படிப் போக்குக்காட்டினார்கள் என்பது அடுத்த பகுதியில்.